வசம்பு வளையல்

யூரியாச் சாக்கில் தைத்த பையைத் தோளில் மாட்டினால் அரிக்கும். அதனால் சாக்கை மூன்று தடவை வெந்நீரில் அலசி, கல்லில் அடித்து, நாலு நாள் வெயிலில் போட்ட பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பேன். நாலாவது நாளும் மோந்து பார்ப்பேன். வாடை இருக்கிற மாதிரித் தோன்றினால் ஐந்தாவது நாளும் கிடக்கும். "அந்தச் சாக்குக்கு என்ன, கல்யாணமா வச்சிருக்க? இந்தக் குளிப்பாட்டுக் குளிப்பாட்டுற" என்று மதினி சிரிப்பாள். அண்ணன் மனைவியைத்தான் மதினி என்கிறேன். எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். வீட்டில் அண்ணன், மதினி, நான். அப்பா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா படுக்கையில் விழுந்தபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஆள் வேண்டும் என்று நின்றவள், அம்மா போன பிறகும் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குள் வயசு தாண்டிவிட்டது. பிறகு மாப்பிள்ளை பார்த்த இரண்டு இடமும் தட்டிப்போயின. அண்ணனுக்கு ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலை. மழை பெய்தால் பருத்தி போடுகிற இரண்டு ஏக்கர் கரிசலும் இருந்தது. நான் வீட்டில் இருப்பவள், சும்மா உட்கார்ந்து சோறு தின்பவள். அப்படி யாரும் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். அதனால் கையைச் சும்மா வைத்திருக்கமாட்டேன்.

மில்லிலிருந்து அண்ணன் நூல் தீர்ந்த அட்டைக் கோன்களைக் கொண்டுவருவார். அவற்றை வெட்டி, நகப்பூச்சு தடவி, பூ மாதிரி விரித்துச் சுவரில் ஒட்டுவேன். கழிவு நூலில் கால்மிதி பின்னுவேன். ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்துவைத்து, நீள முக்கோணமாக வெட்டி, குச்சியில் சுருட்டி, மணியாக்கிக் கோத்து வாசலுக்குத் திரை போட்டேன். அடுத்த வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, ஊருல இருக்கிற மாப்பிள பேரெல்லாம் ஒங்க வீட்டு வாசல்லதான் தொங்குது, ஒனக்கு மட்டும் ஒண்ணும் வந்து மாட்ட மாட்டேங்குதே" என்றாள். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அன்று முழுக்க அந்தத் திரையை விலக்கிப் போகவே எனக்குக் கூசியது.

இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. பலசரக்குக் கடையில் சாமான் மடித்துத் தரும் தாளில் வாரப் பத்திரிகையின் பெண்கள் பக்கம் சில சமயம் வரும். மல்லி மடித்த தாளில் பாதிச் செய்முறை இருக்கும், மீதி வேறு யார் வீட்டுக்கோ சீரகத்தோடு போயிருக்கும். இல்லாத பாதியை நானே யோசித்துக்கொள்வேன். என் யோசனை எல்லாம் பயத்தில் இருந்துதான் வரும். இது அறுந்தால் என்ன ஆகும், இது குத்தினால் என்ன ஆகும், இதை யாராவது வாயில் வைத்தால் என்ன ஆகும். பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பாவை நான் தொட்டதே இல்லை. ஊரில் பலர் அதைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு டப்பாவை நானே கடப்பாரையால் ஓட்டை போட்டுக் குழிதோண்டிப் புதைத்தேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

மதினிக்கு இரண்டு தடவை கரு தங்கி மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. மூன்றாவதுதான் நின்றது. பெண்பிள்ளை. எண்பதுகளின் கடைசி அது, மழை இல்லாத வருசம். மதினி பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. தொட்டில் சேலையின் முடிச்சை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இழுத்துப் பார்ப்பேன். உத்தரத்தில் பல்லி இருக்கிறதா என்று பார்ப்பேன். பழைய வேட்டியைக் கிழித்து உள்பக்கம் தையல் வராமல் சட்டை தைத்தேன், தையல் மேலே உரசக் கூடாதே என்று. அந்தச் சட்டைக்குப் பொத்தான் வைக்கவில்லை, நாடா வைத்தேன். பொத்தான் அறுந்தால் பிள்ளை முழுங்கிவிடும்.

பிள்ளைக்கு ஏழு மாசம் இருக்கும்போது ஒரு நாள் வாயில் எதையோ மென்றது. வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. எதையோ முழுங்கிவிட்டது என்று நான் அழுது கத்தி, ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்த அண்ணனை எழுப்பி, சைக்கிளில் ரோட்டுக்குப் போய், லாரியைக் கைகாட்டி அருப்புக்கோட்டை டவுனு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, சும்மா ஈறு ஊறுது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அண்ணன் பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், "இனிமே நீ பயந்தேன்னு எங்கிட்ட வந்து நிக்காத. நீ பயப்படாத நாளு என்னைக்கு?" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து என் பயத்தை நானே நம்பாமல் இருக்கப் பழகினேன். நெஞ்சு அடித்துக்கொண்டால், இது வழக்கமாக அடிப்பதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பத்தாம் மாசம் பல் முளைக்கத் தொடங்கியது. கூடவே வயிறும் கலங்கியது. கையில் வசம்பு வளையல் கட்டினால் நல்லது என்று மதினி சொன்னாள். வசம்பைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, நடுவில் கருப்பு மணியும் வெள்ளை மணியும் சேர்த்துக் கோத்த வளையல். பிள்ளை கையை வாயில் வைக்கும்போது வசம்பைச் சப்பும், வயிற்றுக்கு இதம். கண்ணும் படாது. திருச்சுழிக் கோயில் வாசல் கடையில் விற்றார்கள். வாங்கி வந்த வளையலை நான் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கயிற்றுச் சாயம் இறங்கி, தண்ணீர் கருத்துப்போனது. இந்தச் சாயம் பிள்ளை வயிற்றுக்குள் போக வேண்டுமா என்று தோன்றியது. "நானே செஞ்சு தாரேன் மதினி" என்றேன்.

மில் நூலை, சாயம் ஏறாத வெள்ளை நூலை, மூன்று புரியாகத் திரித்தேன். அம்மாவின் அறுந்துபோன கருகமணிச் சரம் பெட்டியில் கிடந்தது. அதில் ஒன்பது மணி மட்டும் உடையாமல் இருந்தன. வளையலுக்குப் போதாது. அப்போதுதான் குண்டுமணி ஞாபகம் வந்தது. கள்ளி வேலியில் படர்ந்த கொடியில் காய் வெடித்து நிற்கும்போது பறித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்க எங்கள் தெருவில் எல்லாரும் என்னிடம்தான் வாங்கிப்போவார்கள். சிவப்பு உடம்பு, கருப்பு மூக்கு. அவ்வளவு அழகு. கண்ணு படாமல் இருக்கக் கண் மாதிரியே இருக்கிற மணி நல்லதுதானே என்றும் நினைத்தேன்.

மதினி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இத பிள்ள வாயில வைக்கலாமா?" என்று கேட்டாள்.

"சின்னதுல நானே ரெண்டு மூணு முழுங்கிருக்கேன் மதினி. ஒண்ணும் செய்யல. முழுசா வெளிய வந்துருச்சு."

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் குண்டுமணி முழுங்காத பிள்ளை கிடையாது. பந்தயம் கட்டி முழுங்கியிருக்கிறோம். எனக்கு இருந்த பயமெல்லாம் அது தொண்டையில் அடைத்துவிடக் கூடாது, மூக்கில் போய்விடக் கூடாது என்பதுதான். அதனால் ஒன்றுகூடக் கழன்று விழாதபடி கோக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒட்ட வைத்தால் விழும், நூலைச் சுற்றிக் கட்டினாலும் நழுவும். துளை போட்டால்தான் நிற்கும்.

குண்டுமணியைத் துளைப்பது லேசான வேலை இல்லை. கல் மாதிரி இருக்கும். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் தோல் கொஞ்சம் இளகியிருந்தது. கோணி ஊசியை அடுப்பில் பழுக்கவைத்து, மணியை இடுக்கியில் பிடித்து, ஒவ்வொன்றாகத் துளைத்தேன். இரண்டு உடைந்துபோயின. எட்டு சரியாக வந்தன. கருகமணி, வசம்பு, குண்டுமணி என்று மாற்றி மாற்றிக் கோத்து, ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டேன். முடித்ததும் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன். வாளிப் பிடியில் மாட்டி, வாளியில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பார்த்தேன். ஒரு மணி அசையவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதி, அதற்கு முன்னாலும் இல்லை, பிறகும் இல்லை. மதினிதான் பிள்ளையின் இடது கையில் கட்டிவிட்டாள். பார்த்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். "எங்க வீட்டுலயே பட்டறை இருக்குல்ல" என்று மதினி என்னைக் காட்டினாள்.

பிள்ளை அந்த வளையலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. முதல் வாரம் நான் தினமும் எண்ணிப் பார்த்தேன். எட்டும் இருந்தன. இரண்டாவது வாரமும் எண்ணினேன். பிறகு ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வேலை வந்தது. எண்ணாத நாள்கள் மூன்றோ நாலோ இருக்கும்.

ஒரு நாள் காலையில் பிள்ளை பால் குடித்ததும் கக்கியது. மதினி மறுபடி கொடுத்தாள், மறுபடியும் கக்கியது. மத்தியானத்துக்குள் ஏழெட்டுத் தடவை பேதி. ஊரில் அந்த மாசம் நிறைய பிள்ளைகளுக்குப் பேதி இருந்தது. கிணற்றிலெல்லாம் அடியில் கிடந்த கலங்கல் தண்ணீர்தான். பல் முளைக்கிற பேதி என்று ஒருத்தி சொன்னாள், தண்ணிதான் என்று ஒருத்தி சொன்னாள். மதினி உப்பும் சீனியும் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையைக் கழுவிவிட எடுத்துப்போனேன். கையைக் கழுவும்போதுதான் பார்த்தேன். இரண்டு முடிச்சுக்கு நடுவில் சிவப்புத் தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த பருப்பு இல்லை. அதற்கு அடுத்த மணியிலும் பல் பட்டுப் பாதி பிளந்திருந்தது.

அந்த இடத்திலேயே நான் கத்தியிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றின கை அப்படியே நின்றது. குண்டுமணிப் பருப்பு விஷம் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் முழுசாக முழுங்கினதுதான் முழுசாக வெளியே வந்தது, இது முழுசு இல்லையே என்று தோன்றியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. வழக்கமாக அடிப்பதுதான் என்று சொல்லிக்கொண்டேன். ஊரெல்லாம் பேதி, இதுவும் பேதிதான் என்று சொல்லிக்கொண்டேன். அண்ணன் முகம் கண்முன் வந்தது. கத்தரிக்கோலால் வளையலை வெட்டி என் மடியில் முடிந்துகொண்டேன். மதினி கேட்டதற்கு, அழுக்காக இருக்கிறது, துவைத்துக் கட்டுகிறேன் என்றேன்.

சாயங்காலம் பிள்ளை துவண்டுபோனது. அண்ணனும் வந்துவிட்டார். டவுனு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். தாய்ப்பால், கேப்பைக் கஞ்சி என்று மதினி சொன்னாள். வேறு எதையாவது தின்றதா என்று கேட்டார். "ஒண்ணும் இல்லங்கய்யா, நாங்க கீழயே விடுறதில்ல. இந்தா நிக்கிறாளே, இவ தரையக்கூட நக்க விடமாட்டா" என்றாள் மதினி. டாக்டர் என்னைப் பார்த்தார். என் கை மடி மேல் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை. அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் பிள்ளை ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. பார்த்தாயா, பேதிதான், தேறிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டிலில் புருசனைச் சேர்த்திருந்த நரிக்குடிப் பக்கத்துப் பொம்பளை ஒருத்தி, ஏற்றி முடித்த குளுக்கோஸ் குழாயை நர்ஸிடம் கேட்டு வாங்கி, நறுக்கி, மடக்கி மடக்கி மீன் செய்துகொண்டிருந்தாள். நாலு மீன் செய்துவிட்டாளாம், ஆளுக்கு ஒன்று கொடுக்கிறாளாம். "பிள்ளைக்குக் கட்டிவிடு, பாத்துட்டே கெடக்கும்" என்று ஒன்றை என்னிடம் நீட்டினாள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "என்ன புள்ள, மீனு கடிச்சிப்புடுமா?" என்று சிரித்தாள். அவளிடமாவது சொல்லிவிடலாமா என்று இருந்தது. மடி முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் பேதியில் ரத்தம் போனது. கறுப்பு ரத்தம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இங்கே வைத்திருக்க முடியாது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். வேன் பிடித்தோம். மதினி மடியில் பிள்ளை, நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தேன். காரியாபட்டி தாண்டும் முன்பே தூக்கின கை மரத்துப்போனது. மாற்றிப் பிடித்தால் பாட்டில் ஆடும் என்று மாற்றவில்லை. அண்ணன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாதையில் வந்த கோயிலையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு வந்தார்.

மதுரையில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். என் வயசுதான் இருக்கும். அண்ணன் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கப் போயிருந்தார். அந்த அம்மா பிள்ளையைப் பார்த்துவிட்டு, மதினியிடமும் என்னிடமும் சேர்த்துக் கேட்டார். "இது சாதாரண பேதி மாதிரி இல்ல. வாயில எதையாவது போட்டுச்சா? காயி, விதை, மருந்து, எதுனாலும் சொல்லுங்க. யாரும் திட்ட மாட்டோம்."

நான் மடியை அவிழ்த்து வளையலை அந்த அம்மா கையில் வைத்தேன்.

அந்த அம்மா அதை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். "துளை யார் போட்டது?" என்றார். நான்தான் என்றேன். முழுங்கினால் வெளியே வந்துவிடும் என்றுதானே சொல்வார்கள் என்றேன். முழுசாக இருந்தால் தோல் கெட்டியாக இருக்கும், விஷம் வெளியே வராது, நீங்கள் ஊறவைத்துத் துளை போட்டு வழி பண்ணிக் கொடுத்துவிட்டீர்கள் என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். அருப்புக்கோட்டையில் சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நேத்தே சொல்லியிருந்தா வயித்தைக் கழுவியாவது பாத்திருப்பாங்கம்மா."

மதினி என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மருந்தோடு வரும் செருப்புச் சத்தம் கேட்டதும், டாக்டர் கையிலிருந்து அதை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிள்ளை மறுநாள் காலை பத்து மணி போல அடங்கியது. ஏன் என்று அண்ணனிடம் மதினிதான் சொன்னாள். "பேதி குடலைப் புண்ணாக்கிருச்சாம், டாக்டரம்மா சொன்னாக." ஊருக்கும் அதைத்தான் சொன்னாள். கேட்ட ஒவ்வொருத்தருக்கும் ஒரே வார்த்தை, மாற்றிச் சொல்லவில்லை. அந்த வருசம் எங்கள் பக்கம் பேதியில் போன பிள்ளைகள் இன்னும் இருந்தன. எங்கள் பிள்ளையும் அந்தக் கணக்கில் சேர்ந்துபோனது. பருத்திக்காட்டு ஓரத்தில் புதைத்தோம். நான்தான் குளிப்பாட்டினேன். என்னைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னாள் மதினி. இடது கை மணிக்கட்டில் நூல் அழுத்திய தடம் இருந்தது. அதை மறைக்கிற மாதிரித் துணியைச் சுற்றினேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் காத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவாள், அண்ணன் வந்து என் தலைமுடியைப் பிடிப்பார் என்று. சோற்றுத் தட்டு வைக்கும் சத்தம் கொஞ்சம் கூடக் கேட்டாலும் உடம்பு தூக்கிப்போடும். மதினி எப்போதும் போல வேலை சொன்னாள், எப்போதும் போலச் சோறு போட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. பதினாறு கழிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். அடிபம்பில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவள் அடித்துக்கொண்டிருந்தாள், நான் குடத்தைப் பிடித்திருந்தேன்.

"மதினி, அண்ணன்ட்ட ஏன் சொல்லல?"

அவள் அடிப்பதை நிறுத்தவில்லை. குடம் பாதி நிரம்பிய பிறகுதான் பேசினாள்.

"சொன்னா ஒங்கண்ணன் ஒன்னைய வெட்டிப்புட்டு ஜெயிலுக்குப் போவாக. நீயும் போயி, அவுகளும் போயி, நான் மட்டும் அந்த வீட்டுல யார் மொகத்தப் பாத்துட்டு இருக்க?"

குடம் வழிந்தது. அடுத்த குடத்தை வைத்தேன்.

"வாயில வைக்கலாமான்னு கேட்டேன். வைக்கலாம்ன. நாந்தான கட்டினேன், எங்கையால. அவுகளுக்கு அதையுஞ் சொல்லணும்ல." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள். "நீ இரு. எங்கயும் போக வேணாம். ஆனா எங்கண்ணு முன்னால இனிமே நீ ஊசியத் தொடக் கூடாது."

அன்று சாயங்காலமே வாசல் திரையைக் கழற்றினேன். சுவரில் ஒட்டிய கோன் பூக்களைச் சுரண்டினேன். சுண்ணாம்பும் சேர்ந்து வந்து சுவரெல்லாம் திட்டுத் திட்டாக நின்றது. பைகளை மட்டும் மதினி வைத்துக்கொள்ளச் சொன்னாள், சாமான் வாங்கப் போக வேண்டுமே. அவையும் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. கிழிந்ததை யாரும் தைக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாம் கிழிந்தபடி கிடக்கும் என்று ஊரில் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அண்ணன் சட்டையில் பொத்தான் போனால் ஊக்கு மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போவார். தலையணை பிரிந்து பஞ்சு வந்தால் பிரிந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பிப் போட்டுப் படுப்போம். ஒரு நாள் அண்ணன் கேட்டார், "ஏத்தா, ஊரு சட்டையெல்லாம் தச்சவ, எஞ்சட்டைக்கு ஒரு பொத்தான் வைக்கக் கூடாதா?" கண்ணு சரியாகத் தெரியவில்லை என்றேன். எனக்கு அப்போது முப்பது வயசுகூட ஆகவில்லை. அவர் நம்பினார். பிள்ளை போன துக்கத்தில் அழுது அழுது கண் போய்விட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைச் சொல்லும்போது அவருக்கு என் மேல் இருந்த பிரியத்தை நான் எப்படித் தாங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அண்ணன் இப்போது இல்லை. கடைசி வரை அவருக்குத் தெரியாது. இதை எழுதட்டுமா என்று மதினியிடம் கேட்டேன். "எழுது. பேரு போடாத. எவளாச்சும் அந்த மணியத் தொளைக்காம இருந்தாச் சரி" என்றாள். அவ்வளவுதான் இதற்குப் பயன்.

மூன்று வருசம் கழித்து மதினிக்கு இன்னொரு பெண்பிள்ளை பிறந்தது. கையில், காலில், இடுப்பில் ஒன்றும் கட்டவில்லை. அரைஞாண் கட்டாத பிள்ளை என்று ஊரே பேசியது. என்னிடம் தூக்கக் கொடுத்தாள், குளிப்பாட்டக் கொடுத்தாள், எதையும் மறுக்கவில்லை. ஆனால் நான் பிள்ளையைத் தூக்கியிருக்கும்போதெல்லாம் அவள் கண் என் கை மேல் இருக்கும். விரல் இடுக்கில் ஏதாவது வைத்திருக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. அவள் பார்க்காவிட்டாலும் நானே கையை விரித்துக் காட்டுவேன். பழகிப்போனது.

அந்தப் பிள்ளை இரண்டாவது படிக்கும்போது, தொண்ணூறுகளின் கடைசியில், பள்ளிக்கூடத்தில் வீட்டில் வேண்டாமல் கிடக்கும் சாமானை வைத்து ஏதாவது செய்து கொண்டுவரச் சொன்னார்களாம். ஓடிவந்து பழைய பாவாடை ஒன்றை என் மடியில் போட்டது.

"அத்தே, இதுல பொம்ம செஞ்சு தா."

மதினி அடுப்படியில் இருந்தாள். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"எனக்குத் தெரியாது தாயி."

"ஊசி கோக்கக்கூடவா தெரியாது?"

"தெரியாது."

"ஒனக்கு என்னதான் தெரியும்?" என்று சிணுங்கிவிட்டு அம்மாவிடம் ஓடியது. "பக்கத்து வீட்டு அக்காட்ட போயிக் கேளு" என்றாள் மதினி, குரல் மாறாமல். மறுபடியும் பாத்திரச் சத்தம் கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளை பொம்மையோடு வந்தது. பாவாடைத் துணியைச் சுருட்டி நூலால் கட்டிய சின்னப் பொம்மை. தலையில் கருப்பு நூல் முடி, நெற்றியில் பொட்டு. எனக்குக் காட்டவில்லை, கோபம். முற்றத்தில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுத் தாலாட்டியது, முத்தம் கொடுத்தது. பொம்மையின் முகம் பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணுக்குப் பக்கத்து வீட்டுக்காரி என்ன வைத்திருக்கிறாள், பொத்தானா, மணியா, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியவில்லை. எழுந்து போய் வாங்கி, ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. மதினி அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தாள்.

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"அத்தைக்கு அந்தப் பொம்மைய வெளிச்சத்துல காட்டு தாயி. தூரத்துல நின்னே காட்டு" என்றேன்.

பிள்ளை முறைத்துக்கொண்டே தூக்கிக் காட்டியது. கண்ணை மையால்தான் வரைந்திருந்தாள்.